நாட்டு நாய்க்கு ஸ்டட் தேடுறது எப்படி? எல்லாரும் ஒரே ஆண் நாய்கிட்ட போய் நிக்காம இருக்க ஒரு வழிகாட்டி

ராஜபாளையம், சிப்பிப்பாறை, கன்னி, கோம்பை, இதுல எது வச்சிருந்தாலும் சரி, பெட்டை ஹீட்டுக்கு, அதாவது சேர்க்கைப் பருவத்துக்கு, வந்ததும் நம்மாளுங்க கேக்குற முதல் கேள்வி "இப்ப நல்ல ஸ்டட் யார்கிட்ட இருக்கு?"ங்கிறதுதான். ஸ்டட்னா சேர்க்கைக்கு விடுற ஆண் நாய். பதிலும் எல்லாருக்கும் ஒண்ணுதான் வரும். ஷோவுல ஜெயிச்ச நாய், இல்லன்னா வீடியோவுல வந்து பேர் வாங்குன பெரிய நாய். மதுரைக்காரரும் அங்கதான் போறாரு, கோயம்புத்தூர்க்காரரும் அங்கதான் போறாரு. ரெண்டு மூணு வருஷம் கழிச்சு அந்தக் குட்டிங்க பெருசாகும்போது யாரு நாயை யாரோட சேத்தாலும் ரெண்டுக்கும் அப்பா ஒண்ணாத்தான் இருக்கும். 2020 ஆகஸ்ட்ல பிரதமர் மன் கி பாத்ல நம்ம நாய்ங்க பேரைச் சொன்ன பிறகு குட்டிக்கு கிராக்கி ஏறிடுச்சு, அதோட இந்தப் பிரச்சினையும் வேகம் பிடிச்சிருச்சு. அதனாலதான் இதை விரிவா எழுதுறேன். பேர் தெரியாத நல்ல ஆண் நாயை எப்படித் தேடுறது, அதோட ஓனர்கிட்ட எப்படிப் பேசுறது, சேக்குறதுக்கு முன்னாடி என்னெல்லாம் பாக்கணும், எல்லாம் வரிசையா சொல்றேன்.

முதல்ல கணக்கு. பயப்படாதீங்க, சின்னக் கணக்குதான். ஒரு ஏரியாவுல ஒரு தலைமுறைக்கு 50 பெட்டை குட்டி போடுதுன்னு வைங்க, அம்பதுக்கும் சேத்து ரெண்டே ரெண்டு ஆண் நாயைத்தான் பயன்படுத்துறாங்க. பாக்க 52 நாய் மாதிரி தெரியும். ஆனா மரபணு கணக்குல அது 52 கிடையாது. ஆணையும் பெண்ணையும் பெருக்கி, அதை நாலால பெருக்கி, மொத்தத் தலையால வகுக்கணும். 4 × 2 × 50, வகுத்தல் 52, அதாவது எட்டு நாய்க்கும் கம்மி. அதே 50 பெட்டைக்கு 20 ஆண் நாயைப் பயன்படுத்தினா இந்த எண் 57-க்குப் போயிடும். பெட்டை ஒண்ணுகூட ஏறல, ஆண் நாய்ங்க எண்ணிக்கை மட்டும்தான் ஏறுச்சு. எட்டுல இருந்தா ஒவ்வொரு தலைமுறைக்கும் இன்பிரீடிங், அதாவது சொந்தத்துக்குள்ளயே சேர்ற அளவு, கிட்டத்தட்ட ஆறரை சதவீதம் ஏறும், 57-ல இருந்தா ஒரு சதவீதத்துக்கும் கீழதான். கால்நடை இனங்களைக் காப்பாத்துறதுக்கு உலக அளவுல சொல்ற குறைஞ்சபட்ச எண்ணே 50-தான். ஆக நம்ம இனத்துக்கு குறைச்சல் பெட்டையில இல்லங்க, ஆண் நாயைத் தேர்ந்தெடுக்குற விதத்துலதான் இருக்கு.

ஆடு வளக்குறவங்க யாரைக் கேட்டாலும் சொல்லுவாங்க, ரெண்டு வருஷத்துக்கு ஒருக்கா கிடாவை மாத்திடணும், இல்லன்னா தன் குட்டியோடயே சேந்து மந்தை நொடிச்சுப் போயிடும்னு. அதே ஆளு வீட்டு வாசல்ல கட்டியிருக்குற நாய் விஷயத்துல மட்டும் "லைன் (வம்சம்) கெட்டுடக் கூடாது"ன்னு அண்ணன் தங்கச்சியச் சேத்துருவாரு. நாய்க்கும் அதே விதிதான்.

சரி, உங்க பெட்டையில இருந்து ஆரம்பிங்க. அதோட அப்பா அம்மா யாரு, தாத்தா பாட்டி நாலு பேரு யாரு, முடிஞ்சா அதுக்கும் மேல எட்டு பேரு யாருன்னு ஒரு தாள்ல எழுதுங்க. கேசிஐ (இந்திய கென்னல் கிளப்) பதிவுப் பேப்பர் இருந்தா வேலை சுலபம். இல்லன்னா குட்டி குடுத்தவருக்கு போன் போடுங்க, அவருக்குக் குடுத்தவருக்குப் போடுங்க. நாய் பேர் ஞாபகம் இல்லன்னாலும் "அந்த ஊர்ல இன்னார் வீட்டு செவலை"ன்னு சொல்லுவாங்க, அதையே எழுதிக்கோங்க, அதுவே போதும். பாதிக் கட்டம் காலியா இருந்தாலும் பரவால்ல, தெரிஞ்சதைத் தெரிஞ்சதுன்னும் தெரியாததைத் தெரியாதுன்னும் எழுதுங்க, ஊகத்துல ரொப்பாதீங்க. தப்பான பெடிக்ரி (வம்சத் தாள்) காலி பெடிக்ரியை விட மோசம், ஏன்னா அதை நம்பி அடுத்த ஆளும் கணக்கு போடுவாரு.

ஒரு ஆண் நாயைப் பாத்துட்டீங்கன்னா அதுக்கும் இதே மாதிரி தாள் கேளுங்க. ரெண்டு தாளையும் பக்கத்துல வச்சு பொதுவான பேர் வருதான்னு பாருங்க. வந்துச்சுன்னா ஆண் நாயில ஆரம்பிச்சு அந்தப் பொதுவான நாய் வரைக்கும் மேல ஏறி, அங்கருந்து பெட்டை வரைக்கும் கீழ இறங்கி, வழியில இருக்குற நாய்ங்களை ரெண்டு முனையையும் சேத்து எண்ணுங்க. அத்தனை தடவை ஒண்ணை ரெண்டால வகுங்க. அப்பா மட்டும் ஒண்ணு, அம்மா வேறன்னா வழியில மூணு நாய், அப்ப எட்டுல ஒண்ணு, 12.5 சதவீதம். அப்பாவும் அம்மாவும் ஒண்ணுன்னா ரெண்டு வழி, 25 சதவீதம். அப்பனுக்கும் மகளுக்கும் சேத்தாலும் அதே 25. தாய்மாமன் மருமக முறையா இருந்தா 12.5, பெரியப்பா சித்தப்பா பிள்ளைங்க முறையா இருந்தா 6.25. இதுல நான் 6.25-க்கு மேல போகாதீங்கன்னு சொல்லுவேன், அதுக்கும் கீழ கிடைச்சா அதையே எடுங்க. தாள்ல தெரியாத உறவு பின்னாடி நெறைய ஒளிஞ்சிருக்கும், உண்மையான எண் நாம போட்ட எண்ணை விட எப்பவும் கொஞ்சம் கூடத்தான் இருக்கும். இங்கிலாந்து கென்னல் கிளப் 2009-ல இருந்தே அப்பா-மகள், அம்மா-மகன், கூடப்பிறந்ததுங்களுக்குள்ள சேத்துப் போட்ட குட்டிங்களைப் பதிவு பண்றதையே நிறுத்திருச்சு. இங்க அதையே "டைட் லைன்"னு பெருமையா விக்கிறாங்க.

இப்ப நாயை எங்க தேடுறது? ஷோ கிரவுண்டுக்குப் போங்க, வேண்டாம்னு சொல்லல. ஆனா ஜெயிச்ச நாயைச் சுத்தி நிக்கிற கூட்டத்துல நிக்காம, நாலாவது அஞ்சாவதா வந்த நாயோட ஓனர்கிட்ட பேசுங்க. ஜெயிச்ச நாயோட கூடப்பிறந்த ஆண் நாய் எங்க இருக்குன்னு விசாரிங்க. ஒரே ஈத்துல பிறந்ததுதான், ஆனா சராசரியா பாதி மரபணுதான் ரெண்டுக்கும் பொதுவா இருக்கும், மீதிப் பாதி யாரும் தொடாம எங்கயோ ஒரு தோட்டத்துல காவல் காத்துட்டுக் கிடக்கும். அப்படிப்பட்ட தம்பி நாய்ங்களைத்தான் தேடிப் பிடிக்கணும்.

அதை விட முக்கியம் கிராமம். சிப்பிப்பாறை, கன்னி வேணும்னா கரிசல்காட்டுப் பக்கம் போங்க, கோவில்பட்டி, சங்கரன்கோவில், சாத்தூர், விளாத்திகுளம் சுத்துவட்டாரத்துல பேப்பரே இல்லாம தலைமுறை தலைமுறையா வச்சிருக்குற வீடுங்க இருக்கு. கோம்பைக்கு தேனி மாவட்டம். கால்நடை மருந்துக் கடைக்காரர், ஊர் கால்நடை ஆய்வாளர், ஆட்டுக் கெடை போடுறவங்க, இவங்களுக்குத் தெரியாத நாய் கிடையாது. இது பழைய பாணின்னு நினைக்காதீங்க. பசெஞ்சின்னு ஒரு ஆப்பிரிக்க வேட்டை நாய், அமெரிக்காவுல இருந்தது எல்லாம் விரல் விட்டு எண்ணக்கூடிய சில நாய்ங்க வழி வந்தது. ஃபான்கோனின்னு ஒரு சிறுநீரக நோய் இனம் பூரா பரவிடுச்சு. 1987, 88-ல சில ஆளுங்க நேரா காங்கோ பக்கம் கிராமங்களுக்கே போயி அங்க மக்கள் வச்சிருந்த நாய்ங்களைக் கொண்டு வந்தாங்க, 1990-ல அமெரிக்கன் கென்னல் கிளப் அதுங்களைப் பதிவுல சேத்துக்கிச்சு. அவங்க கண்டம் தாண்டிப் போகணும். நமக்கு அந்த ஊத்துக்கண்ணு ஒரு பஸ் டிக்கெட் தூரத்துல இருக்கு, அது வத்துறதுக்குள்ள போகணும்.

ஆனா போன உடனே நாய் கிடைச்சிடாது. கன்னி, சிப்பிப்பாறை வச்சிருந்த வீடுகள்ல காசுக்கு விக்கிற பழக்கமே கிடையாது, தெரிஞ்சவங்களுக்கும் சொந்தக்காரங்களுக்கும்தான் குடுப்பாங்க. அதோட ஒரு பயமும் இருக்கு. இந்த நாய்ங்க முயல் வேட்டைக்குப் பேர் போனதுங்க, 1972 வனவிலங்குச் சட்டப்படி அது குத்தம். கேமராவோட ஒரு புது ஆளு வந்து நின்னா ஃபாரஸ்ட் ஆளோன்னு நினைச்சு "நாய் இல்லைங்க"ன்னு அனுப்பிடுவாங்க. அதனால போனைப் பையில வைங்க. வேட்டை பத்திக் கேக்காதீங்க, ஓட்டிக் காட்டுங்கன்னு முயலை விரட்டச் சொல்லி யாரையும் மாட்டிவிடாதீங்க, வயக்காட்டுல அதுபாட்டுக்கு ஓடுறதப் பாத்தாலே கால் எப்படி, மூச்சு எப்படின்னு தெரிஞ்சிடும்.

முதல் தடவை பெட்டையைக் கூட்டிட்டுப் போகாதீங்க, சும்மா போங்க, ஹீட்டுக்கு மூணு நாலு மாசம் முன்னாடியே போங்க. "அண்ணாச்சி, உங்க கடுவனைப் பத்திச் சொன்னாங்க, ஒருதடவ பாத்துட்டுப் போலாம்னு வந்தேன்"னு ஆரம்பிங்க. அவரோட நாயோட அம்மா எப்படி இருந்துச்சு, எத்தனை வயசு வரைக்கும் இருந்துச்சு, எதுல செத்துச்சுன்னு கேளுங்க. நாய் வளக்குறவருக்கு இதைக் கேக்குற ஆளைப் பிடிக்கும், உங்களுக்கும் இதை விட நல்ல தகவல் வேற எங்கயும் கிடைக்காது. அடுத்த தடவை போறப்ப உங்க பெட்டையோட டெஸ்ட் ரிப்போர்ட், தடுப்பூசி கார்டு எடுத்துட்டுப் போங்க. நெறைய ஓனருங்க ஆண் நாயை வெளிய விடாததுக்குக் காரணம் திமிர் இல்ல, நோய் பயம். நம்மூர்ல டிவிடி (TVT)ன்னு ஒரு புற்றுக் கட்டி, பிறப்புறுப்புல காலிஃபிளவர் மாதிரி வந்து ரத்தம் சொட்டும், சேர்க்கையில பரவும். நல்ல ஆண் நாய் ஒண்ணு தெரியாத பெட்டையால இதுல மாட்டுச்சுன்னா வாரக்கணக்குல வின்கிறிஸ்டின் ஊசி போடணும், அதுக்குள்ள அந்த நாயை யாருக்கும் விட முடியாது. ஒருதடவ பட்டவர் அடுத்தவருக்குக் கதவைத் திறக்க மாட்டாரு. நீங்களே ரிப்போர்ட்டோட போயி நின்னா அந்தக் கதவு திறக்கும்.

ரிப்போர்ட்டுன்னா என்ன? ரெண்டு நாய்க்கும் புரூசெல்லா டெஸ்ட். கண்டிப்பா எடுக்கணும், இதுல சமாதானமே கிடையாது. புரூசெல்லா கேனிஸ் வந்தா குட்டி கலையும், ஆண் நாய் மலடாகும், மருந்து குடுத்தாலும் முழுசா போகும்னு நம்ப முடியாது, மனுஷனுக்கும் வரும். அப்புறம் பிறப்புறுப்பு பரிசோதனை, உண்ணிக் காய்ச்சலுக்கு ரத்தப் பரிசோதனை, குடல்புழு மருந்து. ஆண் நாய்க்கு ரெண்டு விதையும் இறங்கியிருக்கணும். சின்ன வயசுல உடம்பு பூரா டெமோடெக்ஸ் சொறி வந்து கஷ்டப்பட்ட நாயா இருந்தா, இப்ப தோல் பளபளன்னு இருந்தாலும் விட்டுடுங்க, அந்தப் பலவீனம் குட்டிக்கும் போகும்.

வயசு விஷயத்துல என் அபிப்பிராயம் கொஞ்சம் வேற. எல்லாரும் ரெண்டு வயசு நாயைத் தேடுவாங்க. நான் அஞ்சு ஆறு வயசு நாயைத்தான் தேடச் சொல்லுவேன். அந்த வயசு வரைக்கும் இதயம், மூட்டு, தோல், குணம் எல்லாம் நல்லா நின்னுருக்குன்னு கண்ணால பாக்குறோம், அதோட குட்டிங்க வளந்து நிக்கிறதையும் பாக்கலாம். விந்து தரம் சந்தேகமா இருந்தா டாக்டர்கிட்ட சொல்லி மைக்ராஸ்கோப்ல பாத்துக்கலாம்.

ராஜபாளையம் வச்சிருக்கவங்களுக்கு தனியா ஒண்ணு. காது. உடம்பு பூரா வெள்ளை, மூக்கு ரோஸ் கலர்னு நாம ஆசைப்படுற அதே நிறமி இல்லாத தன்மைதான் காது உள்ளயும் வேலையக் காட்டுது. உள்காதுல நிறமி செல் இல்லன்னா குட்டிக்கு மூணு நாலு வாரத்துலயே கேக்குற சக்தி செத்துடும். வீட்டுல பாக்கணும்னா அஞ்சாறு வாரக் குட்டியைத் தனியா எடுத்து, அது பாக்காத பக்கம் நின்னு, தரையில அதிர்வு போகாம சாவிக்கொத்தை ஆட்டிப் பாருங்க. ஆனா ஒரு காது மட்டும் கேக்காத குட்டி இந்த டெஸ்ட்ல பாஸ் ஆகிடும், அதை பேயர்னு ஒரு மின் பரிசோதனையாலதான் கண்டுபிடிக்க முடியும். செவிட்டு நாயை ஸ்டட்டுக்கு விடவே கூடாது, அது எவ்வளவு உயரமா இருந்தாலும் சரி. அப்புறம் ஈத்துல வர்ற கலர்க் குட்டி, மறைக் குட்டி (திட்டுத் திட்டா நிறம் உள்ளது) எல்லாத்தையும் "சுத்தமில்ல"ன்னு ஒதுக்குறதுல எனக்குச் சம்மதமே இல்ல. அப்பா அம்மா சுத்தம்னு தெரிஞ்சா அந்தக் குட்டியும் சுத்தம்தான், அதைத் தள்ளும்போது அதோட சேந்து நல்ல காதையும் தள்ளிடுறோம்.

அப்ப வெளி இனத்தைக் கலந்தா மரபணு பெருகாதான்னு கேப்பீங்க. உயரத்துக்காக ராஜபாளையத்துல கிரேட் டேன் கலக்குறதும், வேகத்துக்காக சிப்பிப்பாறையில கிரேஹவுண்ட் கலக்குறதும் நடக்குது, அதை மறைச்சு சுத்தம்னு விக்கிறதும் நடக்குது. அது ஏமாத்து. நேர்மையா கலக்குறதுன்னா டால்மேஷன்ல நடந்தது மாதிரி இருக்கணும். உலகத்துல இருந்த டால்மேஷன் எல்லாத்துக்குமே யூரிக் அமிலக் கோளாறு இருந்துச்சு, இனத்துக்குள்ள நல்ல மரபணுவே மிச்சம் இல்ல. ராபர்ட் ஷைபிள்னு ஒரு மரபியல் ஆளு 1973-ல ஒரே ஒரு பாயிண்டர் நாயைச் சேத்து, அப்புறம் தலைமுறை தலைமுறையா டால்மேஷனோடயே திரும்பச் சேத்து, எல்லாத்தையும் எழுதி வச்சாரு. அமெரிக்கன் கென்னல் கிளப் அதை ஏத்துக்க 2011 ஆச்சு. ஒரு மரபணுவை இனத்துல இருந்து தொலைச்சிட்டா திரும்ப வாங்க இவ்வளவு வருஷம். நம்ம இனங்கள்ல இன்னும் தொலையல, கிராமத்துல இருக்கு. அதனால நமக்கு இப்ப தேவை வெளி இனம் இல்ல, வெளி ஊர்.

ஓனர் சரின்னுட்டார்னா பேச்சைப் பேப்பர்ல எழுதிடுங்க, அண்ணன் தம்பியா பழகினாலும் எழுதுங்க. காசா குட்டியா, குட்டின்னா யாரு முதல்ல எடுக்குறது, ஒரே குட்டி பிறந்தா என்ன, பிடிக்காமப் போனா அடுத்த ஹீட்டுக்கு மறுபடி விடுவாரா, எல்லாம். ஸ்டட் குட்டி குடுக்குறதா இருந்தா ஒண்ணு மட்டும் பேசிக்கோங்க, நம்மாளுங்க கவனிக்காத ஓட்டை இதுதான். அந்த ஆண் நாய் வீட்டுக்கு நீங்க ஒரு பெட்டைக் குட்டியைக் குடுத்தா, ஒன்றரை வருஷத்துல அது அப்பனோடயே சேந்துடும். ஆண் குட்டியாக் குடுங்க, இல்ல பெட்டைதான் வேணும்னா வெளிய சேக்குறதுன்னு எழுதி வாங்குங்க. அந்த நாயை வருஷத்துக்கு எத்தனை பெட்டைக்கு விடுறாருன்னும் கேளுங்க. அஞ்சு வருஷத்துல ஒரு இனத்துல பதிவாகுற குட்டிங்கள்ல ஒரே ஆண் நாயோட பங்கு 5 சதவீதத்தைத் தாண்டக் கூடாதுன்னு எஃப்சிஐ (பல நாட்டு கென்னல் கிளப்புகளோட கூட்டமைப்பு) சொல்லுது, ஏற்கெனவே ஊர் பூரா குட்டி இருக்குற நாய்னா நன்றி சொல்லிட்டு வந்துடுங்க. கேசிஐ பதிவு வேணும்னா ரெண்டு நாய்க்கும் மைக்ரோசிப்பும் பதிவும் சேக்குறதுக்கு முன்னாடியே முடிச்சிருக்கணும். மத்திய அரசோட 2017 நாய் பிரீடிங் விதிப்படி பெட்டைக்கு 18 மாசம் ஆகியிருக்கணும், வருஷத்துக்கு ஒரு ஈத்துதான், பிரீடர் மாநில விலங்கு நல வாரியத்துல பதிவு பண்ணியிருக்கணும்.

சேக்குற நாள் கணக்கு. ரத்தம் பட்ட நாள்ல இருந்து எண்ணி 9-ல இருந்து 14-க்குள்ளன்னு பொதுவா சொல்லுவாங்க, ஆனா சில பெட்டை ஆறாம் நாளே நிக்கும், சிலது பதினெட்டு வரைக்கும் இழுக்கும். தூரத்து ஊர் நாய்னா ஊகத்துல போயி திரும்பி வர்றது வீண், அதனால புரோஜெஸ்டிரோன்ங்கிற ஹார்மோனுக்கு ரத்தப் பரிசோதனை எடுத்துக்கோங்க. ஒரு மில்லிக்கு 5 நானோகிராம் கிட்ட வந்தா முட்டை வெளியாகுதுன்னு அர்த்தம், அதுல இருந்து ரெண்டாம் நாள் நல்ல நாள். பக்கத்து ஊரு நாயே போதும்னு எல்லாரும் நிக்கிறதுக்கு இந்த நாள் குழப்பமும் ஒரு காரணம்தான், டெஸ்ட் எடுத்தா அது தீந்துடும். பெட்டையைத்தான் ஆண் நாய் இடத்துக்குக் கொண்டு போகணும், வெயில் தாழ விடணும், பூட்டு விழுந்தா (ரெண்டும் ஒட்டிக்கிட்டு நின்னா) கால் மணி அரை மணி ஆகலாம், பிரிச்சு இழுக்கக் கூடாது. ஒருநாள் விட்டு இன்னொரு தடவை. அந்த ஹீட் முடியுற வரைக்கும் வேற ஆண் நாய் கிட்ட வராம அடைச்சு வைங்க, இல்லன்னா இவ்வளவு தேடுனதுக்கும் அர்த்தமில்லாமப் போயிடும். முட்டை வெளியானதுல இருந்து 63 நாள் பக்கம் குட்டி.

குட்டி பிறந்ததும் வேலை பாதிதான் முடிஞ்சிருக்கு. ஒரு ஈத்துல ஒரே ஒரு குட்டியை மட்டும் அடுத்த தலைமுறைக்கு வச்சா அம்மாவோட மரபணுவுல பாதிதான் தங்கும், ரெண்டு வச்சா முக்கால் வாசி, மூணு வச்சா 87.5 சதவீதம். எல்லாத்தையும் நீங்களே வளக்க முடியாது, அதனால குட்டி வாங்குறவங்களைப் பாத்து எடுங்க. எட்டு வாரத்துக்கு முன்னாடி யாருக்கும் குடுக்காதீங்க. ஆண் குட்டி வாங்குறவர்கிட்ட "நல்லா வந்துச்சுன்னா மூணு வயசு வரைக்கும் கருத்தடை பண்ணாதீங்க, வெளியூர் பெட்டை ஒண்ணு ரெண்டுக்கு விடுங்க"ன்னு சொல்லி நம்பர் வாங்கி வச்சுக்கோங்க, வருஷத்துக்கு ஒருக்கா கூப்பிட்டுப் பேசுங்க. எந்தக் குட்டி எந்த ஊருக்குப் போச்சு, என்ன நோய் வந்துச்சு, எத்தனை வயசுல செத்துச்சுன்னு ஒரு நோட்டுல எழுதுங்க, கெட்டதையும் எழுதுங்க. ஆண் நாயோட ஓனருக்கும் அந்த நோட்டை போட்டோ எடுத்து அனுப்புங்க, அடுத்து அவர் வாசலுக்கு வர்ற ஆளு அதைத்தான் கேப்பாரு. உங்ககிட்ட ஒரு நல்ல ஆண் நாய் நின்னுட்டா, அதை ரிப்போர்ட்டோட வர்ற வெளியூர்ப் பெட்டைக்குத் தயங்காம விடுங்க, எத்தனை பெட்டைக்கு விட்டீங்கன்னு அதே நோட்டுல குறிச்சிக்கோங்க, அஞ்சாறு ஆனதும் நிறுத்திட்டு அவங்களுக்கு வேற ஊர் நாய் ஓனரோட நம்பரைக் குடுங்க.